நாற்பது வயதும் மந்தமாகும் உடலும்: ஒரு கூற்றின் மதிப்பீடு

“முப்பது வயதுவரை எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை. இப்போது பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எடை ஏறுகிறது. வயதாகிவிட்டது, உடல் முன்போல எரிப்பதில்லை.” இவ்வாறு பலர் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் நாற்பதைத் தாண்டி, வாழ்நாளில் முதன்முறையாகப் பத்தியம் இருக்கத் தொடங்குபவர்கள் கூறும் காரணம் பெரும்பாலும் இதுதான். எடைக்குறைப்பு மருந்து விற்பவர்களின் விளம்பரத்திலும் இதே வாசகம் காணப்படுகிறது. பச்சைத் தண்ணீரில் கலோரி எதுவும் இல்லை என்பதால் அந்தப் பகுதியை விட்டுவிடுவோம். எஞ்சிய பகுதி மட்டும் எவ்வளவு உண்மை?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். உண்ட உணவை உடைத்து ஆற்றலாக்குவதும், அந்த ஆற்றலைக் கொண்டு உடலைக் கட்டிக் காப்பதும் சேர்ந்ததே வளர்சிதை மாற்றம். நீங்கள் அசையாமல் படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கிறது, மூளை வேலை செய்கிறது, ஈரல் இரசாயன மாற்றங்களை நடத்திக் கொண்டிருக்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு நாள் முழுதும் செலவாகும் ஆற்றலில் பாதிக்கும் மேற்பட்டது இந்த அடிப்படைச் செலவே. உணவைச் செரிப்பதற்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு போகிறது. மீதமுள்ளது நடப்பது, குனிவது, சுமப்பது முதலிய அசைவுகளுக்கு ஆகிறது. (உணவு நூல்களில் கலோரி என்று அச்சிடப்படுவது உண்மையில் கிலோ கலோரி. மாணவர்கள் தேர்வில் இதை மறக்கக் கூடாது.)

வயதுக்கும் அடிப்படைச் செலவுக்கும் எண்ணால் முடிச்சுப் போட்டவர்களுள் முக்கியமானவர்கள் ஹாரிஸ், பெனடிக்ட் என்ற இரு அமெரிக்கர்கள். 136 ஆண்களையும் 103 பெண்களையும் அளந்து 1919-இல் அவர்கள் வெளியிட்ட சூத்திரம் உலகெங்கும் மருத்துவமனைகளில் புழங்கியது. எடை, உயரம், வயது மூன்றையும் அதில் இட்டால் ஒருவரின் அடிப்படைச் செலவு கிடைக்கும். ஆணுக்கு ஒவ்வொரு வயதிற்கும் 6.755 கலோரியையும், பெண்ணுக்கு 4.676 கலோரியையும் அச்சூத்திரம் கழிக்கிறது. அதன்படி ஓர் ஆணுக்கு 30 வயதிலிருந்து 50 வயதுக்குள் நாளொன்றுக்கு 135 கலோரி குறைய வேண்டும். இது சுமார் 38 கிராம் அரிசி தரும் ஆற்றல்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு குறை உண்டு. அது எடையை ஒரே எண்ணாகக் கொள்கிறது. அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று கேட்பதில்லை. ஓய்வில் இருக்கும்போது ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் சுமார் 13 கலோரி செலவழிக்கிறது. ஒரு கிலோ கொழுப்போ 5 கலோரிக்கும் குறைவாகவே செலவழிக்கிறது. ஐம்பது வயதுக்காரரிடம் தசை குறைந்து கொழுப்பு கூடியிருந்தால் சூத்திரம் அந்த மாற்றத்தைக் காணாது. அதன் விளைவை வயதின் கணக்கில் எழுதிவிடும். ஆகவே “வயதானால் உடல் மந்தமாகும்” என்பதற்கு இச்சூத்திரத்தைச் சான்றாகக் காட்டுவது முறையாகாது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் விடை தேடப்பட்டது. 2021 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் ஹெர்மன் பான்ட்சரும் உலகின் பல நாட்டு ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, 29 நாடுகளைச் சேர்ந்த 6,421 பேரின் அளவீடுகள் அதில் உள்ளன. அளந்த முறை அழகானது. சாதாரண ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் பதிலாக அவற்றின் கனமான ஐசோடோப்புகள் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கன ஹைட்ரஜன் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் என நீராக மட்டுமே வெளியேறும். கன ஆக்சிஜனோ நீராகவும் வெளியேறும், கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் உடலைவிட்டு நீங்கும் வேகத்தில் உள்ள வேற்றுமையைச் சிறுநீரில் கண்டால், உடல் வெளிவிட்ட கரியமில வாயு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதிலிருந்து எரிந்த ஆற்றலைக் கணக்கிடலாம். மூக்கில் குழாயோ அறைக்குள் அடைப்போ தேவையில்லை. ஆள் வழக்கம்போல வயலுக்கும் கடைக்கும் போய் வரலாம்.

கிடைத்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. கொழுப்பு நீங்கலான உடற்பகுதியின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால், ஒரு வயதுக் குழந்தை பெரியவர்களைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு வேகமாக எரிக்கிறது. பின்னர் அது மெல்லக் குறைந்து 20 வயதளவில் நிலைபெறுகிறது. அதன்பின் 60 வயதுவரை மாற்றமே இல்லை! அறுபதுக்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 விழுக்காடு வீதம் இறங்குகிறது. நாற்பதில் திடீரென்று மந்தமாகும் உடலை இந்த ஆய்வு எங்கும் காணவில்லை.

சில செய்தித்தாள்கள் இதைக் கண்டதும், “நாற்பதில் எடை கூடுவதற்கு உங்கள் வாயே காரணம்” என்று தீர்ப்பு எழுதிவிட்டன. அந்தத் தீர்ப்பும் அவசரமானதே. கட்டுரையில் உள்ள “சரிசெய்து பார்த்தால்” என்ற சொற்களைக் கவனியுங்கள். தசை மாறாதிருந்தால் எரிப்பும் மாறாது என்பதே அதன் பொருள். ஒருவரின் தசை கரைந்திருந்தால் அவருடைய மொத்தச் செலவு குறையத்தான் செய்யும். அந்தக் குறைவைச் சரிசெய்தல் என்ற சல்லடை வடிகட்டி எடுத்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அந்த 6,421 பேரும் பெரும்பாலும் வெவ்வேறு வயதில் உள்ள வெவ்வேறு மனிதர்கள். ஒரே ஆளை முப்பது வயதிலிருந்து அறுபதுவரை பின்தொடர்ந்த அளவீடல்ல அது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாறையில் அடுக்கடுக்காகக் கடற்சிப்பிகள் பதிந்திருக்கின்றன. மேலடுக்கில் இருப்பது கீழடுக்குச் சிப்பி வளர்ந்து முதிர்ந்த வடிவம் அன்று. வேறு காலத்தில் வாழ்ந்த வேறு உயிர். இன்று அறுபதில் இருப்பவர் ஏர் உழுது வளர்ந்தவராக இருக்கலாம். இன்று இருபதில் இருப்பவர் பள்ளிக்குப் பேருந்தில் சென்று வளர்ந்தவராக இருக்கலாம். இருவரையும் ஒரே கோட்டில் வைத்து ‘வயதின் விளைவு’ என்று படிப்பதில் எச்சரிக்கை தேவை.

இருப்பினும், 1919 சூத்திரத்தையும் 2021 கட்டுரையையும் தராசில் வைத்தால் பின்னதே கனக்கும் என்பது என் கருத்து. தசை இழப்பைக் கணக்கில் சேர்த்தாலும் தொகை சிறியதே. மூன்று கிலோ தசையை இழந்தவருக்கு ஓய்வுச் செலவில் குறைவது நாளொன்றுக்கு 39 கலோரி, அதாவது இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. நான்கு வேளை தேநீரில் இவ்விரண்டு கரண்டி போடுபவருக்குச் சர்க்கரையிலிருந்து மட்டும் 160 கலோரி சேர்கிறது. “தசையை வளர்த்தால் தூங்கும்போதே கொழுப்பு எரியும்” என்று விளம்பரம் செய்யும் உடற்பயிற்சி நிலையங்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அப்படியானால் மாறியது எது? நம் இரு மாவட்டங்களும் பெரும்பாலும் மானாவாரி நிலம். வரகும் சோளமும் கம்பும் விளைந்த இடத்தில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. அந்த மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்குப் போகிறது. விளைவித்தவர் தட்டில் இருப்பதோ அரிசிச் சோறு. தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடை அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் கிடைத்தது. அது பசியைத் தடுத்தது. அதைப் பழித்துப் பேசுவோர் பஞ்ச காலத்தை அறியாதவர்கள். ஆனால் அதே சோற்றளவைச் செரிக்கும் உழைப்பு இன்று இல்லை. கவலை இறைத்த இடத்தில் மின்மோட்டாரும், கதிரடித்த களத்தில் இயந்திரமும், நடந்த பாதையில் இருசக்கர வண்டியும் வந்துவிட்டன. உழைப்பு போன பின்னும் தட்டின் அளவு பழைய பழக்கத்திலேயே நிற்கிறது.

“மீண்டும் வரகுக்குப் போனால் போதும்” என்பாரும் உண்டு. 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 78 கிராம் மாவுப்பொருள் இருக்கிறது. வரகில் சுமார் 66 கிராம். நார்ச்சத்து வரகில் கூடுதல் என்பதும் உண்மையே. எனினும் அதே தட்டு நிறைய வரகுச் சோறு உண்பவருக்குப் பெரிய மாறுதல் ஏற்பட்டுவிடாது.

இனி நம்மவர் உடலமைப்பு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் இங்கிலாந்தின் மருத்துவர் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையுமே வெளியிட்டனர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2 விழுக்காடு! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசை குறைந்த உடலுக்கு உள்ள ஆபத்து ஓய்வில் எரியும் சில கலோரிகளைப் பற்றியதன்று. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் குளுக்கோசைப் பெருமளவில் ஏற்றுக் கொள்ளும் கிடங்கு தசையே. கிடங்கு சிறிதானால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. நாற்பது வயதில் நாம் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றித்தான்.

இவ்விடத்தில் சென்னையில் நடந்த ஓர் ஆய்வை அறிந்து கொள்வது நல்லது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களின் சராசரி வயது 46. சராசரி உடல் நிறை எண் 25.8. ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது. இன்னொரு பிரிவினர் சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, நாளும் அரை மணி நேரம் வேகமாக நடந்தனர். மற்ற இரு பிரிவுகளுக்கு மெட்பார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று உணவையும் நடையையும் சேர்த்துக் கடைப்பிடித்தது. மூன்றாண்டு முடிவில் முதற் பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கே வந்தது. மாத்திரையின் பயனும் ஏறத்தாழ இதே அளவுதான். இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பயன் காணப்படவில்லை.

இந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி வேறு. பயன் பெற்றவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை! எடை இயந்திரத்தில் முள் நகரவில்லை என்று இரண்டாம் மாதமே பத்தியத்தைக் கைவிடும் அன்பர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முள் நகராதபோதும் உள்ளே வேலை நடந்திருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். 531 பேரில் பெண்கள் 110 பேர்தான். எல்லோரும் நகரவாசிகள், நடக்கச் சொன்னால் நடக்க நேரமும் சாலையும் உள்ளவர்கள். குன்னத்திலோ செந்துறையிலோ களை வெட்டிவிட்டு வந்து அடுப்பு மூட்டும் 45 வயதுப் பெண்ணுக்கு இதன் முடிவை அப்படியே பொருத்த இயலாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். அதே ஆய்வில் அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இரண்டையும் கூட்டினால் நூறை நெருங்கும் அளவு என்னும்போது இரண்டும் ஒருங்கே உள்ள பெண்கள் நம்மிடையே இருக்கக்கூடும் அன்றோ? இத்தகைய ஒருவர் இரவுச் சோற்றோடு பருப்பையும் கீரையையும் முட்டையையும் சேர்த்து நிறுத்திவிட்டால், கரைவது கொழுப்பு மட்டுமா? தசையும் கரையும், சோகையும் மிகும்.

ஆகவே குறைக்கத் தொடங்கும் இடம் சோறும் சர்க்கரையும் பொரித்த பண்டமும்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. பருப்பு, பயறு, வேர்க்கடலை, முட்டை, மோர் ஆகியவற்றில் கைவைக்கலாகாது. தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபினையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துக் கொள்ளலாம். எடையைவிட இடுப்புச் சுற்றளவு நமக்கு நல்ல அளவுகோல்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்க்கு வகுத்த வரம்பு. தையற்காரரின் நாடா போதும்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரை உண்பவராயின், குறிப்பாக கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றை உண்பவராயின், அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அது பார்ப்பதில்லை. உணவைத் தவிர்த்த இரவில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். அத்தகையவர்கள் மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையின் அளவை அவர் மாற்றித் தந்த பின்னரே இரவுச் சோற்றைக் குறைக்க வேண்டும்.