நடக்காத கல்யாணங்கள்

யூத விவாகரத்துக்கு வழக்கறிஞரைவிட எழுத்தர் முக்கியம். அவர் அந்தத் தம்பதிக்கென்றே ‘கெட்’ என்னும் விலக்குச் சீட்டை 12 வரிகளில் கையால் எழுதுகிறார். ஊரை அடையாளம் காட்ட அங்கே ஓடும் ஆற்றின் பெயர் வேண்டும். இருவரின் செல்லப் பெயர்கூட விடுபடக் கூடாது. சாட்சிகள் இருவர் கையெழுத்திட்டதும், மனைவியின் குவித்த கைகளில் கணவன் சீட்டைப் போடுகிறான். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலடி நடக்கிறாள். அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்ற பேச்சுக்கு அந்த நேரத்தில் இடமில்லை. மனமொப்பித்தான் தருகிறாயா என்று கணவனைக் கேட்பார்கள்.

சிக்கலே அந்தக் கேள்வியில்தான். பைபிளின் உபாகமம் 24ஆம் அதிகாரத்திலிருந்து கிளைத்த சட்டப்படி சீட்டைத் தர வேண்டியவன் அவன். தர மறுத்தால் அவள் ‘அகுனா’, கட்டிப்போடப்பட்டவள். கி.பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த மைன்ஸ் நகரத்து ரபி (யூத மதகுரு) கெர்ஷோம் பெயரால் வழங்கும் தடை, மனைவியின் சம்மதமில்லாமலும் விலக்க முடியாது என்றாக்கியது. ஆனாலும் தராசு நேராகவில்லை. சீட்டில்லாமல் அவள் வேறொரு யூதருடன் வாழ்ந்து பிள்ளை பெற்றால் அது ‘மம்ஸெர்’. இன்னொரு மம்ஸெரையோ மதம் மாறி வந்தவரையோ தவிர யாரையும் மணக்க முடியாது. கணவன் அதே காரியத்தைச் செய்தால் அவன் பிள்ளைக்கு அந்தக் கறை இல்லை.

இதைக் கல்நெஞ்சத் தர்க்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கினால் பாதியைப் பார்க்காமல் போவோம். வழக்கமாக இரண்டு சாட்சி கேட்கும் சட்டம், கணவன் செத்தான் என்று சொல்ல ஒரே சாட்சி போதும், அது பெண்ணாக இருந்தாலும் போதும் என்று தானாகவே இறங்கி வருகிறது. கடலில் மூழ்கியவன் விஷயத்தில் மட்டும் பிடிவாதம்: கரை கண்ணுக்குத் தெரியாத நீர் என்றால் அவன் வேறெங்காவது கரையேறியிருக்கலாம், மனைவி காத்திருக்க வேண்டும். வறட்டுக் கணக்கு போலத் தோன்றும். ஆனால் யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தால்முத் அதே இடத்தில் ஒரு கதை சொல்கிறது. தூரத்தில் ஒரு கப்பல் உடைவதைப் பார்த்த ரபான் கமாலியேல், அதிலிருந்த ரபி அகிவாவை நினைத்துத் துக்கப்படுகிறார். கரை இறங்கினால், அகிவா எதிரே வந்து உட்கார்ந்து சட்டம் பேசுகிறார்! பலகை ஒன்று கிடைத்ததாம். அலைக்கு அலை தலை குனிந்து தப்பினாராம். 2001இல் நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்து உடல்கள் கிடைக்காமல் போனபோதும், ரபி நீதிபதிகள் மரபணுச் சோதனை, கடைசித் தொலைபேசி அழைப்பு என்று ஒவ்வொன்றாகக் கோத்து அந்த மனைவியரை விடுவித்தார்கள். நடந்தது என்ன என்று தேடும்போது இந்தத் தர்க்கத்துக்கு இணை குறைவு.

எனக்கு நெருடுவது, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லித்தான் அது இரக்கம் காட்ட முடிகிற இடங்கள்.

12ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு தர வேண்டியவன் மறுத்தால், “சம்மதம்” என்று சொல்லும்வரை அடிக்கலாம் என்கிறார். அப்படியானால் அது மனமொப்பிய சம்மதமா? ஆமாம் என்கிறார். யூதனின் உண்மையான விருப்பம் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே. மறுத்தது அவனைப் பிடித்திருந்த தீய உந்துதல். அடி அதைத்தான் தளர்த்துகிறது. அபாரமான வாதம். பெண்ணின் பக்கம் நிற்கும் வாதமும்கூட. ஆனால் ஒரு மனிதனின் ‘மாட்டேன்’ அவனுடையதே அல்ல என்று ஆகிவிட்டால், அவன் ‘சரி’ மட்டும் எப்படி அவனுடையதாகும்? இஸ்ரேலின் 1995ஆம் ஆண்டுச் சட்டம் அடிக்குப் பதிலாக ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, சிறை என்று கை வைத்தது. சிறை மட்டும் முன்பே இருந்த வழி. சட்டத்துக்கு முந்தைய ஆண்டு, சீட்டுத் தர மறுத்து 30 வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்த ஒருவர் உள்ளேயே இறந்துபோனார். அவருடைய ‘உண்மையான விருப்பம்’ கடைசிவரை வெளியே வரவில்லை.

நியூயார்க்கில் ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் இன்னொரு கதவைத் திறந்தார். சீர்திருத்தப் பிரிவு ரபிகள் நடத்திவைத்த திருமணங்களில் தகுதியான சாட்சிகள் இல்லை. ஆகவே அது திருமணமே இல்லை. ஆகவே சீட்டும் வேண்டாம். பெண் தப்பித்தாள். அவள் வாழ்ந்த வருஷங்கள் கணக்கிலிருந்து போயின.

இதற்கு விலக்காக எனக்குப் படுவது, அமெரிக்க ரபிகள் கொண்டுவந்த திருமண முன்-ஒப்பந்தம். பிரிந்த பின் சீட்டுத் தரும்வரை கணவன் நாளுக்கு 150 டாலர் ஜீவனாம்சம் தர வேண்டும். அபராதம் என்று எழுதினால் கட்டாயப்படுத்தி வாங்கிய சீட்டாகிச் செல்லாமல் போகும் என்பதால் ஜீவனாம்சம் என்று எழுதுகிறார்கள். அந்தச் சாமர்த்தியம் இங்கேயும் உண்டு. ஆனால் நடந்த எதையும் இது அழிக்கவில்லை. கல்யாணப் புடவை எடுக்கும் வாரத்தில் விலகலுக்குக் கையெழுத்துப் போடச் சொல்வது எந்த ஜோடிக்கும் கசக்கும்தான்.

கசப்பின் உச்சம் 1972. இஸ்ரேல் ராணுவத்திலிருந்த ஓர் அண்ணனும் தங்கையும் மம்ஸெர் என்று தீர்ப்பாகி, தாங்கள் காதலித்தவர்களை மணக்க முடியாமல் நின்றார்கள். அவர்கள் அம்மா போலந்தில், யூத மதத்துக்கு மாறிய ஒருவரை மணந்திருந்தார். பிரிந்து, சீட்டு வாங்காமல் மறுமணம் செய்துகொண்டார். அந்த இரண்டாம் மணத்தில் பிறந்தவர்கள் இவர்கள். நாடே இதைப் பேசியது. தலைமை ரபியாகியிருந்த ஷ்லோமோ கோரென், பெயர் வெளியிடாத ரபிகளைக் கூட்டித் தீர்ப்பளித்தார்: முதல் கணவரின் மதமாற்றம் செல்லாது, அவர் யூதரல்ல, முதல் கல்யாணமும் நடக்கவில்லை, பிள்ளைகளுக்குக் கறை இல்லை. தீர்ப்பு வந்த கையோடு இரண்டு கல்யாணங்களும் நடந்தன.

பிள்ளைகளுக்காக நான் சந்தோஷப்படுகிறேன். அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் கோரெனையே வேண்டியிருப்பேன். ஆனால் முன்பு வழக்கை விசாரித்த ரபி நீதிமன்றங்கள் அந்த முதல் கணவரை யூதராகவே ஏற்றிருந்தன. அவர் அப்போது உயிரோடு இருந்தார், அதே நாட்டில்.