பூஜ்ஜியத்தில் தொடங்கும் பட்டியல்

சிதறிக் கிடக்கும் பாட வீடியோக்களை ஒரே பிளேலிஸ்ட்டாகக் கோத்து, ஒவ்வொன்றையும் அத்தியாயம் பிரித்து வைப்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. யூடியூபில் அத்தியாயம் பிரிப்பதற்கான விதி எளியது. வீடியோவின் விவரக் குறிப்பில் நேரத்தையும் தலைப்பையும் வரிவரியாக எழுத வேண்டும். முதல் வரி 0:00. குறைந்தது 3 வரிகள். எந்தப் பகுதியும் 10 விநாடிக்குக் குறையக் கூடாது. அவ்வளவுதான், வீடியோவின் அடியில் ஓடும் கோடு துண்டு துண்டாகப் பிரிந்துவிடும்.

கலை இருப்பது தலைப்பில். வீணைப் பாடத்தில் ‘பகுதி 4’ என்று போட்டால் யாருக்குப் பயன்? ‘ஜண்டை வரிசை, இரண்டாம் காலம்’ என்று போட்டால், அங்கே விரல் தடுமாறுகிற மாணவி நேரே அந்த இடத்துக்குப் போய்விடுவாள். பிளேலிஸ்ட்டில் வீடியோக்களின் வரிசையும் பதிவேற்றிய தேதிப்படி இருக்கக் கூடாது, கற்கிற முறைப்படி இருக்க வேண்டும். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று கர்நாடக இசைக்குப் பழகிய வரிசை ஒன்று முன்பே இருக்கிறது. தையலுக்கோ சமையலுக்கோ தொகுப்பவரே உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். அதற்கு எல்லா வீடியோக்களையும் பொறுமையாக முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். நல்ல தொகுப்பு ஒன்று கண்ணில் பட்டால், பாடத்துக்கு முன்னால் அதன் தலைப்புகளைத்தான் நான் ஆசையாகப் படிக்கிறேன்.