பச்சை மாறாத விதை

இங்கிலாந்துத் தோட்டங்களில் ஜூன் கடைசி என்றால் பூக்களின் உச்சம். லண்டனில் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். வெயிலோ நம் கத்திரி வெயில் போலச் சுடாது. பார்க்க வருகிறவர்கள் டெல்ஃபினியத்தின் நீலக் கதிர்களை விட்டு நகர மாட்டார்கள். தேர்ந்த தோட்டக்காரரின் கண் மட்டும் பூ ஓய்ந்த தண்டுகளின் மேல் இருக்கும்: எந்தக் காய் முற்றிவிட்டது, எது இன்று வெடிக்கும்?

பல்லாண்டு வாழும் பூச்செடிகளை வசந்தத்தில் விதைப்பவர்கள் உண்டு. அவற்றில் பலவும் முதல் கோடை முழுவதும் இலை மட்டுமே விடும். ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் மொட்டு வைக்கும். நடுக்கோடையில் விதைத்தாலும் கடக்க வேண்டியது அதே ஒரு குளிர்காலம்தான். மண்ணில் சூடு இருப்பதால் முளை சீக்கிரம் வரும், உறைபனிக்கு முன் வேர் ஊன்றிவிடும், மறு கோடையில் பூக்கும்.

காலக்கணக்கு இவ்வளவுதான். இந்தக் கலையின் உண்மையான சுவை, விதை புத்தம்புதிதாகக் கையில் கிடைப்பதில் இருக்கிறது.

பிரிம்ரோஸ் விதையைக் காயிலிருந்து எடுத்த கையோடு தூவினால் சில வாரங்களில் முளைத்துவிடும். உலர்த்திப் பொட்டலம் கட்டிவைத்தால் உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். பிறகு குளிர் பட்டால்தான் எழும். ஹெல்லெபோர் இன்னும் நுட்பமானது. உதிரும்போது அதன் விதைக்குள் கரு முழுமை அடைந்திருக்காது. கோடையின் வெதுவெதுப்பிலும் பின்வரும் குளிரிலும் பக்குவப்பட்டு, அந்தக் குளிர்காலத்திலேயே முளை காட்டும். அந்த வெதுவெதுப்பைத் தவறவிட்ட பொட்டல விதைக்கு ஓராண்டுகூடக் காத்திருக்க நேரும். விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சதைக்காக எறும்புகள் அதைத் தூக்கிச் சென்றுவிடும். அவற்றையும் முந்திக்கொள்ள வேண்டும்!

தாய்ச்செடியைப் பூவோடு பார்த்துத் தேர்ந்து, அதே பருவத்தில் அதன் விதையைப் போடலாம் என்பது இன்னொரு பேறு. தேர்வு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு யார்க் நகரத் தோட்டக்காரர் ஜார்ஜ் ரஸ்ஸலின் லூபின்களே சான்று. குத்தகைத் துண்டு நிலங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றை வளர்த்தார். மகரந்த வேலையைத் தேனீக்களிடம் விட்டார். நிறம் சோடை போனவற்றைத் தயங்காமல் பிடுங்கினார். 1937-ல் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அவருடைய பூக்கள் தங்கப் பதக்கம் பெற்றன. இரட்டை நிறக் கதிர்களைப் பார்த்தவர்கள் பழைய லூபினை மறந்தே போனார்கள்.

கைவேலையில் கவனிக்க வேண்டியது வெப்பம். 20 பாகைக்கு மேல் போனால் பிரிம்ரோஸ் முளைக்கத் தயங்கும். டெல்ஃபினியத்துக்கும் குளிர்ச்சிதான் பிடிக்கும். ஆகவே நாற்றுத்தட்டுக்கு வடக்குச் சுவரோரத்து நிழலே இடம். மேலிருந்து ஊற்றாமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுவார்கள். லூபினின் கெட்டித்தோலை லேசாகக் கீறலாம் அல்லது ஓர் இரவு ஊறவைக்கலாம். ஃபாக்ஸ்குளோவ் விதையோ தூசு மாதிரி. உலர்மணலில் கலந்து தூவி, மூடாமல் விட வேண்டும். முளைக்க அதற்கு வெளிச்சம் தேவை.

செப்டம்பரில் நடும்போது ஃபாக்ஸ்குளோவ் நாற்றின் இலைக்காம்பைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஊதா படர்ந்திருந்தால் ஊதாப் பூ. கறையில்லாத பச்சையாக இருந்தால் பெரும்பாலும் வெள்ளை. வெள்ளைப் பாத்தி வேண்டும் என்பவர் பூக்கப் பல மாதம் இருக்கும்போதே நாற்றுகளைப் பிரித்துவிடுகிறார்.