தலைக்கு எண்ணெய் அழகுக்குறிப்பு: ஒரு பிழைதிருத்தம்

"தினமும் தலை அலசினால் எண்ணெய் இன்னும் அதிகமா சுரக்கும்." அழகுக்குறிப்புகளில் சலிக்காமல் வரும் வரி. புரோகிராம் எழுதுறவன் கண்ணுக்கு இது ஃபீட்பேக் லூப். அப்போ சென்சார் எங்கே? சுரப்பியை முக்கியமா முடுக்குவது ஆண்ட்ரோஜன் ஹார்மோன். பருவ வயசில் தலை பிசுபிசுக்கறது அதனாலதான். அலசலுக்கு ஆதாரம் காட்டின குறிப்பு ஒண்ணுகூட என் கண்ணில் படலை.

இதை நம்பி, வாரம் ஒரு முறைதான் தலைக்குக் குளிக்கணும்னு என் பொண்ணைக் கட்டுப்படுத்தினேன். பொடுகு வந்தது. அதுக்கும் குறிப்பு தயார்: "வறட்சிதான், தேங்காய் எண்ணெய் தேய்ங்க." பொடுகோட தொடர்புள்ள மலசீசியா பூஞ்சை கொழுப்பைத் தின்னு வாழறது. அதுக்கு விருந்து வெச்சிருக்கோம்! தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கும்னு 2003-ல் வந்த ஆய்வு சொல்லுது, மறுக்கலை. அது முடிக்கு, தலைத்தோலுக்கு இல்லை.

இப்போ ஒருநாள் விட்டு ஒருநாள் ஷாம்பு, அதில் வாரம் ரெண்டு நாள் டாக்டர் எழுதின கீட்டோகோனசோல். சனிக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோட நிக்கிற எங்கம்மாகிட்டதான் இன்னும் சொல்லலை.