மைனர் வருது, ஒதுங்கி நில்லுங்க!

எங்கள் இலங்கை மலைநாட்டில் ஒரு வண்டி கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடும். ரோடு ஒரே மலையை நாலு தடவை சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறும்; கீழ் வளைவில் கியர் மாற்றினால் மேல் வளைவில் நிற்கிறவனுக்குக் கேட்கும். லொறி, பஸ், கொழுந்து டிராக்டர் என்று எத்தனை சத்தம் வந்தாலும், அதற்குள் எங்கள் மொரிஸ் மைனரை என் பாட்டி குசினியில் இருந்தபடியே பிரித்தெடுத்துவிடுவார். "உங்க தாத்தா கீழ் வளைவு திரும்பிட்டாரு, கேத்தல வையி" என்பார். தாத்தா வாசலில் இறங்கும்போது தேத்தண்ணி ஆவி பறக்கக் காத்திருக்கும். ஒருநாளும் தப்பினதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மலை ரோட்டுக்கென்றே பிறந்த கார் இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது மொரிஸ் மைனர்தான். மறுத்துப் பேச வருகிறவர்கள் தாராளமாக வரட்டும். தேத்தண்ணி கொடுத்து, உட்காரவைத்து, விடியும்வரை பதில் சொல்ல நான் தயார்.

எங்களுடையது 1957ஆம் வருஷத்து மைனர் 1000. சாம்பல் நிறம், நாலு கதவு, 948 சீசீ எஞ்சின், 37 குதிரைவலு. முதலில் அது தோட்டத்து மேலாளரான பெரிய துரையின் கார். தாத்தா லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கர். துரை பங்களாவிலிருந்து அந்தக் காரில் இறங்கி வருவதை வருஷக்கணக்காக ஒபிஸ் ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து, அதன் ஒவ்வொரு கீறலும் அவருக்கு மனப்பாடம். 1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது, 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போயின, துரைமார் பெட்டி கட்டினார்கள். எங்கள் துரை கப்பலேறும்போது காரை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அந்தக் காலத்தில் புதுக் கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, இருக்கிற காரைத் தட்டித் துடைத்து ஓட்டுவதுதான் எல்லாருக்கும் வழி. தாத்தா போய்க் கேட்டார். தோட்டத்துத் தமிழ்க் கிளாக்கர், துரையின் காரை! பாட்டி தன் தங்கக் காப்பைக் கழற்றிக் கொடுத்தார், கொடுத்த கையோடு முன் சீட் இனி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அவர் இருந்தவரை அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

இப்போது கொஞ்சம் என்னோடு வாருங்கள். ஜனவரி மாதம், விடியக்காலை. தேயிலைச் செடிமேல் பனி வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது, வாயைத் திறந்தால் புகை வருகிறது, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குக் கொம்பு ஊத இன்னும் நேரமிருக்கிறது. தாத்தா கொட்டகைக் கதவைத் திறக்கிறார். உள்ளே மைனர், பொனட்டின் மேல் கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கிறது. மழைக்காலத்தில் நம்மாட்கள் தலைக்குப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிற அதே கம்பளி. அதை உருவி மடித்து வைப்பது என் வேலை, அந்த வேலைக்காகவே நான் எல்லாருக்கும் முன்னால் எழுந்திருப்பேன். தாத்தா சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் பிடிக்காது, அவசரப்படாதீர்கள்! முதலில் டிக்... டிக்... டிக்... என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். அதுதான் எஸ்யூ கரண்ட் பம்ப், காபரேட்டருக்குப் பெற்றோல் ஏற்றுகிறது. கிண்ணம் நிரம்ப நிரம்ப டிக்டிக் மெதுவாகி, மெதுவாகி, தானாகவே நின்றுபோகும். அந்த ஒரு நொடி இருக்கிறதே, ஐயோ, எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரளும்! பிறகு சோக்கை இழுக்கிறார், ஸ்டாட்டர் குமிழை இழுக்கிறார், எஞ்சின் ஒரு தடவை இருமுகிறது, இன்னொரு தடவை இருமுகிறது, சட்டென்று பிடித்துக்கொண்டு மொத்தக் காரும் சிலிர்த்து ஆடுகிறது, பெற்றோல் வாசமும் பழைய தோல் சீட்டின் வாசமும் பாட்டி டேஷ்போட்டில் பூசிய விபூதி வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறுகிறது. இன்றைக்கும் எங்காவது இந்த மூன்றும் சேர்ந்து அடித்தால் எனக்கு எட்டு வயதாகிவிடும்.

உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீடோமீட்டர் டிரைவருக்கு முன்னால் இல்லை, டேஷ்போட்டின் நட்ட நடுவில், பெரிய வட்டமாக இருக்கிறது. பின் சீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் எத்தனை மைல் வேகம் என்று எட்டிப் பார்த்துக் கத்தலாம். பெரிய லைட்டைத் தாழ்த்தும் பட்டன் கால் பக்கத்தில், தரையில். அப்புறம் அந்தக் கை! நடுத் தூணுக்குள் மடிந்து கிடக்கும் ஒரு குட்டிக் கை, சுவிட்சைத் தட்டினால் டப் என்று வெளியே நீட்டிக்கொண்டு செம்மஞ்சளாக எரியும். வலப்பக்கம் திரும்பினால் வலக்கை, இடப்பக்கம் திரும்பினால் இடக்கை. 1961க்குப் பிறகு வந்த மைனர்களில் இதை எடுத்துவிட்டுச் சாதாரண சிமிட்டும் விளக்கு வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கைதான் உயிர். குளிரில் சிலநேரம் சிக்கிக்கொள்ளும், உள்ளேயிருந்து தூணை ஒரு தட்டு தட்டினால் வெளியே வரும், எந்த இடத்தில் எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பது எங்கள் குடும்பத்துக்கே சொந்தமான ஒரு வித்தை.

சரி, கிளம்பிவிட்டோம், ஹட்டனுக்குப் போகிறோம், வருஷம் பிறந்ததும் மாணிக்கப் பிள்ளையாருக்கு அர்ச்சனை. முன்னால் தாத்தாவும் பாட்டியும், பின்னால் அப்பா, அம்மா, அத்தை, நான், தங்கச்சி, அத்தை மடியில் ஒரு குழந்தை, என் மடியில் தேங்காய்ப் பை, எல்லாருக்கும் இடம் இருக்கிறது, எப்படி இருக்கிறதென்று கேட்காதீர்கள், மைனருக்குள் இடம் வந்துவிடும்! லிந்துலையிலிருந்து தலவாக்கலைக்கு இறக்கம். தாத்தா மூன்றாவது கியரில் போட்டு எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், அவ்வளவுதான், பின்னாலிருந்து பர்ர்ர்ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம் எழும்புகிறது பாருங்கள், உலகத்தில் வேறெந்தக் காருக்கும் அந்தச் சத்தம் கிடையாது, மைனர் இறக்கம் இறங்கும்போது சைலன்சர் தானாகப் போடுகிற பாட்டு அது, அதைக் கேட்டதும் பின் சீட்டில் நாங்களும் சேர்ந்து பர்ர்ர்ர் என்போம், அத்தை மடிக்குழந்தையும் எச்சில் தெறிக்கப் பர்ர்ர்ர் என்னும், வளைவில் கொழுந்தெடுக்கும் அக்காமார் கூடையோடு நிமிர்ந்து பார்த்து "கிளாக்கரய்யா கார்டி!" என்று கை காட்டுவார்கள், தாத்தா ஹோர்னை ஒரு தட்டு தட்டுவார். தூரத்தில் கிரேட் வெஸ்டர்ன் மலை மூடுபனிக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது. தலவாக்கலை தாண்டினால் சென் கிளயர் நீர்வீழ்ச்சி. மேல் கொத்மலை அணை வராத காலம் அது, முழுத் தண்ணியோடு படிப்படியாகக் கொட்டும். கண்ணாடியை இறக்கினால் ஈரக்காற்று முகத்தில் அறையும். பிறகு டெவன் நீர்வீழ்ச்சி, பிறகு கொட்டகலை, பிறகு ஹட்டன் டவுன், டவுனுக்குள் நுழையும்போது என் முதுகு தானாக நிமிரும், தெருவில் போகிற எல்லாரும் எங்களைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் சத்தியமாக நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்!

அந்த வளைவுகளில் மைனர் எப்படி ஒட்டிக்கொண்டு திரும்பும் தெரியுமா? அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிறகு 1959இல் மினியைத் தந்த அதே மனிதர். காரை வெளியே விடப்போகும் நேரத்தில் அவருக்கு அகலம் போதாது என்று தோன்றியிருக்கிறது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, இரண்டு பாதியையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் பார்த்து, 4 அங்குலம் விலகியதும் இதுதான் என்று நிறுத்தியிருக்கிறார். பொனட்டின் நடுவே மேலிருந்து கீழே ஒரு தட்டையான பட்டை ஓடுகிறதே, அந்த 4 அங்குலம்தான் அது! நான் காரைத் துடைக்கும்போது அந்தப் பட்டைக்கு மட்டும் இரண்டு தடவை துணி போடுவேன். அகலக் கால், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், முன்பக்கம் டோர்ஷன் பார், இதெல்லாம் 1948இல் ஒரு சின்னக் குடும்பக் காருக்கு! கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு இதன் முகமே பிடிக்கவில்லையாம், உடைத்து ஊற்றி அவித்த முட்டை என்று சொன்னாராம். சொல்லட்டும். 1960 டிசம்பரில் பத்து லட்சமாவது மைனர் ரோட்டுக்கு வந்தது, பிரித்தானியாவில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் இதுதான்.

குறை ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், கால் கொஞ்சம் பலமாக வேண்டும். அடைமழையில் கால்மாட்டில் தண்ணி சொட்டும். நுவரெலியா மழையில் எந்தக் கூரைதான் சொட்டாது?

1983 ஜூலையைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். தமிழர்களுக்கு எதிரான கலவரத்தில் டவுன்களில் கடைகள் எரிந்த அந்த வாரத்தில், கார் பார்க்கிற எங்கள் சிங்கள பாஸ் ராத்திரியோடு ராத்திரியாக வந்து, "கிளாக்கர் மாத்தயா, சாவியத் தாங்க" என்று வாங்கிக்கொண்டு போய், தன் கராஜின் கடைசி மூலையில் மைனரை நிறுத்தி, மேலே தார்ப்பாய் போட்டு, முன்னால் பழைய டயர்களை அடுக்கி மறைத்துவைத்தார். நாடு அடங்கியபின் அவரே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். எஞ்சின் ஒயிலும் மாற்றியிருந்தார். காசு வாங்கவில்லை. பாட்டி அவருக்கு ஊற்றிக்கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, காபரேட்டரில் ஒரு சின்னச் சத்தம் இருக்கிறது, அடுத்த கிழமை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாஸ் கையில் இல்லாத பாட்ஸுக்குக் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைத்தெரு இருந்தது. அப்பா ஒரு கூட்டாளியோடு விடியக்காலை ரயிலேறிப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு ரப்பர் வாஷருக்காகப் பேரம் பேசி, அதைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராத்திரி வீடு வருவார். வீடே சுற்றி நின்று அந்த வாஷரைப் பார்ப்போம். பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள்! இங்கிலாந்தில் பாத் நகரத்து மைனர் பிரியர் சார்ல்ஸ் வேர், 1990களில் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க ஆரம்பித்தார். அவர்கள் நமக்கு விற்ற காருக்கு நம் நாட்டில் தகடு அடித்து, அங்கே அனுப்பி, அதில்தான் அங்கே இருக்கிற மைனர்கள் ஓடியிருக்கின்றன! இந்தச் செய்தியைக் கேட்ட அன்று தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மைனரின் மட்கார்டைத் தட்டிக்கொடுத்தார்.

ஏப்ரல் சீசனைச் சொல்லாமல் விட்டால் என் தங்கச்சி என்னோடு பேசமாட்டாள். சித்திரைப் புதுவருஷம் முடிந்த கையோடு நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்போட்டி, 1934இலிருந்து நடக்கிற போட்டி. நினைத்துப் பாருங்கள், தேயிலைத் தோட்டத்து ரோடு, இரண்டு பக்கமும் பச்சைச் சரிவு, சரிவு முழுக்க ஜனம், ஒருவர் தலைக்குமேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே எங்கோ ஒரு எஞ்சின் உறுமுகிறது, கூட்டம் அப்படியே எழுந்து நிற்கிறது, சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு ஏறி வருகிறது, வருகிறது, இதோ, ஒரு நொடி, புழுதியும் ரப்பர் கருகிய வாசமும், போய்விட்டது! அப்பா தோளில் நான் கூச்சல் போட்டுத் தொண்டை கட்டிக்கொள்வேன். ஆனாலும் போட்டி முடிந்து இறங்கி வரும்போது, ரோட்டோரம் நிறுத்தியிருக்கிற கார் வரிசையில் எங்கள் சாம்பல் மைனரின் உருண்டைப் பின்பக்கம் கண்ணில் பட்டதும் ஓடிப்போய்க் கதவில் கன்னத்தை வைத்துக்கொள்வேன், அதற்கு இணையான வண்டி அந்த மலையில் அன்றைக்கு ஏறவில்லை என்று அப்பாவிடம் அடித்துச் சொல்வேன், அப்பாவும் ஆமாம் என்பார்.

தாத்தாவும் பாட்டியும் இப்போது இல்லை. மைனர் இருக்கிறது, அதே கொட்டகை, அதே சாம்பல் நிறம், கம்பளி மட்டும் புதுசு. போன வருஷம் என் மகள் லைசன்ஸ் எடுத்தாள். முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது, உருண்டுகொண்டிருக்கிற வண்டியை முதலுக்குக் கொண்டுவர டபுள் கிளச் போட வேண்டும், இல்லாவிட்டால் கியர் பொட்டி கர்ர்ர் என்று திட்டும். அவள் மூன்றே நாளில் பிடித்துவிட்டாள்! தலவாக்கலையிலிருந்து லிந்துலை ஏற்றத்தில், முன்னால் கொழுந்து டிராக்டர் சட்டென்று நின்ற இடத்தில், கர் என்ற சத்தமே இல்லாமல் முதலில் போட்டு வெண்ணெய் வெட்டுகிற மாதிரி தாண்டிக் காட்டினாள், நான் பக்கத்து சீட்டில் கையைத் தட்டிக் கத்திவிட்டேன், எதிரே வந்த பஸ்காரன் என்ன ஏது என்று நின்றே விட்டான். "அப்பா, சும்மா இருங்க, ரோட்டப் பார்க்க விடுங்க" என்றாள். எப்படிச் சும்மா இருப்பது?

அடடா, டிக்கியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே! சின்ன டிக்கிதான், அதற்குள் ஒரு தடவை ஒரு மூட்டை உருளைக்கிழங்கும், கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு ஒரு ஜோடியும், அத்தையின் தையல் மெஷினும் ஒன்றாகப் போயிருக்கின்றன. அடியில் ஸ்பெயார் வீலுக்குத் தனித்தட்டு, மேலே இருக்கிற சாமானை இறக்காமலே வீலை உருவலாம், எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் பாருங்கள் அந்த இசிகோனிஸ் மனுஷன். சனிக்கிழமை ஹட்டனுக்கு இறங்குகிறோம், மகள்தான் ஓட்டுகிறாள். பின் சீட்டில் இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கிறது. வருகிறவர்கள் தலவாக்கலை இறக்கத்தில் எங்களோடு சேர்ந்து பர்ர்ர்ர் சொல்ல வேண்டும், அது மட்டும்தான் டிக்கெட்.