தவத்துக்கு ஓர் அளவை

தாராவியில் தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்தில் தையல் பட்டறை நடத்தும் நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம்; மூன்று தலைமுறையாக மும்பை. விடியலில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே எழுந்து, பட்டறையின் பரண்மேல் அரைமணி நேரம் தியானத்தில் உட்காருகிறவர். தேநீரைக் கையில் வாங்கியதும் கேட்டார்: "அண்ணாச்சி, நான் உக்காந்து தியானம் பண்ணுதேனா, உக்காந்தே தூங்குதேனா? அத எப்படிக் கண்டுபிடிக்க?"

இதைவிட நல்ல கேள்வியை எந்தத் தியான வகுப்பிலும் நான் கேட்டதில்லை. ட்ராம்பே பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. ஒரு தராசு காட்டும் எடை சரிதானா என்று அந்தத் தராசிடமே கேட்க முடியாது. எடை தெரிந்த படிக்கல் ஒன்று வெளியிலிருந்து வர வேண்டும். தியானத்திலோ தராசும் மனம், படிக்கல்லும் மனம், நிறுக்கப்படுவதும் மனம். இந்த நகரத்தில் தமிழர்கள் பயின்றுவரும் தியான மரபுகளைப் பற்றி இம்மலருக்கு எழுதச் சொன்னபோது, நண்பரின் கேள்வியையே கையில் எடுத்துக்கொண்டேன். தன் அனுபவம் தவறாகவும் இருக்கலாம் என்பதற்கு எந்த மரபு இடம் வைத்திருக்கிறது? அந்த இடம் எங்கே இருக்கிறது?

நம் நூல்களிலேயே தொடங்கலாம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், இறைவனைப் பற்றிப் பேசுமுன் அளவையை, அதாவது அறியும் வழியைப் பற்றிப் பேசுகிறது. காட்சி, கருதல், உரை என்ற மூன்றையும் ஏற்றுக்கொண்டு, காட்சியை நான்காகப் பிரிக்கிறது: வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி. இன்று வேதனை என்றால் நமக்கு வலி. அங்கே அதன் பொருள் உணர்தல். உயிர் தனக்குள் எழும் இன்ப துன்பங்களைத் தானே அறிவது. உள்நோக்கிப் பார்ப்பதும் காட்சிதான் என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தனிப் பெயரிட்டு ஏற்றிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த செய்தி. ஐயமும் திரிபும் நீங்கினால்தான் அது காட்சி. கயிறோ பாம்போ என்று தயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. யோகக்காட்சிக்கு மட்டும் இந்த நிபந்தனையிலிருந்து விலக்குண்டு என்று அந்நூலில் நான் காணவில்லை. கண்ணை மூடி ஒளி கண்டேன் என்கிறவரிடம், ஐயம் திரிபு நீங்கியதை எப்படி அறிந்தீர் என்று கேட்க அது நமக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையை நாம் பயன்படுத்துவதே இல்லை.

ஐரோப்பியரும் இந்த உள்நோக்குப் பாதையில் நடந்து பார்த்தவர்கள்தாம். 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது, பயிற்சி பெற்றவர் தம் மனத்தைத் தாமே கவனித்துச் சொல்வதும் ஒரு முறையாக இருந்தது. பின்னால் ஒரு வழக்கு எழுந்தது. எந்த மனப்படமும் இல்லாமல் எண்ணம் எழும் என்றனர் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள். இல்லை, நுட்பமாகப் பார்த்தால் படமோ புலனுணர்வோ அங்கே இருக்கும் என்றார் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து டிட்சனர். இரு தரப்பும் தாம் கண்டதையே சொன்னார்கள். தீர்ப்புச் சொல்ல மூன்றாவது வழி இருக்கவில்லை. 1913இல் ஜான் வாட்சன், வெளியில் தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று அறிவித்தார். பல பத்தாண்டுகளுக்கு உள்நோக்கு உளவியலின் ஓரத்தில் கிடந்தது. நம்மிடம் தீர்ப்புச் சொல்லக் குரு இருந்தார், அதனால் மரபு அறுபடவில்லை. ஆனால் குருவின் தீர்ப்பைச் சரிபார்க்க யார் இருந்தார்கள்?

உடலளவிலாவது சரிபார்க்கலாம் என்று துணிந்தவர் நமக்கு அருகிலேயே வாழ்ந்திருக்கிறார். 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், அதே ஆண்டில் 'யோக மீமாம்சா' என்ற ஆய்விதழையும் தொடங்கினார். மரீன் டிரைவில் இன்றும் அந்நிறுவனத்தின் கிளை நடக்கிறது. வயிற்றுத் தசைகளைச் சுழற்றும் நௌலியைச் செய்யும்போது வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை எக்ஸ்ரே எடுத்தும் அழுத்தமானி வைத்தும் பார்த்தார். பெருங்குடலில் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் உண்டாவதைக் கண்டார். குடலை நீரால் கழுவும் வஸ்தியில் நீர் தானாக உள்ளே ஏறுவதற்குக் காரணம் அதுவே என்று விளக்கினார். அந்த வெற்றிடத்துக்குத் தம் குரு மாதவதாசரின் பெயரை வைத்தார். குருபக்தியும் அழுத்தமானியும் ஒரே மனிதரிடம் சண்டையின்றி இருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நிறைகிறது.

இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகியரின் கதை இன்னும் நல்ல பாடம். 1935இல் தெரேஸ் பிரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதயத்துடிப்பை வரையும் கருவியோடு இந்தியா வந்து சோதித்தார். இதயம் ஏறத்தாழ நின்றது என்று நம்பும்படியான வரைவு ஒன்று கிடைத்தது. இருபதாண்டுக்குப் பின் வெங்கர், பாக்சி, டெல்லியின் ஆனந்த் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் திரும்பச் சோதித்து 1961இல் முடிவை வெளியிட்டார்கள். பிரோஸ் சோதித்தவர்களில் ஒருவரான யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் சென்னையில் இச்சோதனைக்கு உடன்பட்டார். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, கைநாடி மறைகிறது, ஒலிக்குழாயில் துடிப்பும் கேட்பதில்லை. ஆனால் மின்வரைவில் இதயம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. நாடி மறைந்தது உண்மை. அதிலிருந்து இதயம் நின்றது என்று கருதியதில்தான் பிழை. காட்சி சரி, கருதல் தவறு. நம் அளவை நூலார் பிரித்துவைத்த இடத்தில்தான் அது பிரிந்தது.

நண்பரின் கேள்விக்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு பதில் உண்டு. ஆழ்நிலைத் தியானத்தில் நீண்ட பழக்கமுள்ள ஐவரின் மூளை அலைகளைத் தியான நேரத்தில் பதிந்து, 1976இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். தியான நேரத்தின் கணிசமான பகுதி உறக்க நிலைகளில் கழிந்திருந்தது. இதைக் காட்டித் தியானமே தூக்கம்தான் என்பவர்கள் அவசரப்படுகிறார்கள். ஐந்து பேரைக் கொண்டு அத்தனை பெரிய முடிவுக்குப் போக முடியாது. மறுபக்கம், ஆல்ஃபா அலை வந்தது, ஆகவே ஆன்மிக நிலை கைகூடியது என்று மேடையில் பேசுபவர்களையும் நான் ஒப்ப மாட்டேன். விழித்திருப்பவர் சும்மா கண்ணை மூடினாலே பெரும்பாலோருக்கு அந்த அலை வரும்.

மரபுகளுக்கு வருவோம். இலயம், நாசம் என்ற ரமணரின் பிரிவினைக்கு நிகரான கூர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை. 1927இல் எழுதிய உபதேச உந்தியாரில், மனம் ஒடுங்குவதில் இரு வகை உண்டு என்கிறார். இலயத்தில் ஒடுங்கிய மனம் மீண்டும் எழும்; நாசத்தில் எழாது. இதை விளக்க அவர் சொல்லிவந்த கதையில், கங்கைக் கரை யோகி ஒருவர் சீடனிடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு ஆழ்ந்துபோகிறார். நெடுங்காலம் கழித்து விழித்ததும் அவர் வாயில் வரும் முதல் சொல், "தண்ணீர்". எத்தனை காலம் அசையாமல் இருந்தார் என்பது கணக்கிலேயே வராது. விட்ட எண்ணம் விட்ட இடத்தில் காத்திருந்ததா என்பதே சோதனை. இதற்குக் கருவி வேண்டாம், மாட்டுங்காவிலிருந்து லோனாவ்லா போகவும் வேண்டாம். தியானத்தில் உட்காருமுன் மனத்தில் ஓடிய கவலை எது, எழுந்ததும் வந்த முதல் எண்ணம் எது என்று பார்த்தால் போதும்.

கேத்வாடியில் பீடிக்கடை வைத்திருந்த நிசர்கதத்த மகராஜின் வழியும் ஏறத்தாழ இதே இடத்துக்குத்தான் வருகிறது. 'நான் இருக்கிறேன்' என்ற உணர்வில் மட்டும் நிற்கச் சொன்னார். அவர் வீட்டு மாடியறையில் வந்தவர்கள் மறுத்துப் பேசினார்கள், வாதிட்டார்கள். போலந்துப் பொறியாளரான மாரிஸ் ஃப்ரிட்மன் அந்த மராத்தி உரையாடல்களை ஒலிநாடாவிலிருந்து மொழிபெயர்த்து 1973இல் 'ஐ ஆம் தட்' என்ற நூலாக்கியபோது, கேட்டவர்களின் மறுப்புகளும் நூலில் தங்கிவிட்டன. மறுப்பும் சேர்த்துப் பதிவான ஞானநூல் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

பர்மாவில் பிறந்த கோயங்கா 1969இல் இந்தியா வந்து முதல் விபாசனா முகாமை இந்த மும்பையில்தான் நடத்தினார். பத்து நாள் முகாமில் பயில்பவர் பிறரோடு பேசக் கூடாது. வெறும் ஒழுக்க விதியாகத் தோன்றும் இது நல்ல சோதனை விதியும்கூட. பக்கத்தில் இருப்பவர் உடலில் அலை ஓடியது என்று சொல்லிவிட்டால் நாளைக்கு நமக்கும் ஓடும். ஆனால் ஒவ்வொரு மாலையும் நிகழும் உரை, என்ன அனுபவம் வரும் என்பதை ஓரளவு சொல்லியும் விடுகிறது. ஒரு கையால் அடைத்த கதவை மறுகை திறப்பதுபோல எனக்குப் படுகிறது. பயின்றவர்கள் என்மேல் வருத்தப்படலாம், சொல்லாமலிருக்க முடியவில்லை.

இங்கேதான் மறைபொருள் என்ற பழக்கத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். சித்தர்கள் பரிபாஷை என்ற மறைமொழியில் பேசினார்கள்; தீட்சையில் பெற்றதைக் குருவிடம் அன்றி எவரிடமும் சொல்லாதே என்றார்கள். அறிவியலுக்கு நேர் எதிரானது இது என்றுதான் இளமையில் நினைத்தேன். பாதிதான் சரி. மருந்துச் சோதனையில், தனக்குக் கிடைத்தது மருந்தா வெறும் மாவு மாத்திரையா என்று நோயாளிக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எதிர்பார்ப்பே வேலை செய்துவிடும். என்ன காண்பாய் என்று சீடனிடம் சொல்லாமல், கண்டதை மட்டும் கேட்கும் குருவும் அதையேதான் செய்கிறார். இந்த மௌனம் அனுபவத்தைக் காக்கிறது. இன்னொரு மௌனம் உண்டு: யாருக்கு என்ன வந்தது, யாருக்கு ஒன்றுமே வரவில்லை என்பதை ஒருவரோடொருவர் ஒப்பிட விடாதது. அது குருவைக் காக்கிறது, அவ்வளவே. பயிற்சி முடிந்த பிறகும் வாய்திறக்க விடாத இடத்தை விட்டு விலகிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கூடுவாஞ்சேரியில் நெசவுத் தொழிலில் வளர்ந்த வேதாத்திரி மகரிஷி, மறைத்துவைத்திருந்த காயகற்பப் பயிற்சியை இல்லறத்தாருக்குத் திறந்துவிட்டவர். அவருடைய அகத்தாய்வில் எண்ணத்தை ஆராய்வதும் ஆசையைச் சீரமைப்பதும் சினத்தைத் தவிர்ப்பதும் எழுதிப் பார்த்துச் செய்ய வேண்டியவை. கவலைகளையும் நான்காகப் பிரிக்கச் சொன்னார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. வான்காந்தம் பற்றிய அவர் கொள்கையை இயற்பியலாகக் கொள்ள எனக்கு இயலவில்லை. இயற்பியல் கூற்றுக்கு இயற்பியல் சோதனைதான் வேண்டும், தவத்தில் தெளிந்தது என்பது போதாது. ஆனால் அந்தக் காகிதமும் பென்சிலும் என் வாழ்க்கையை மாற்றின.

ஓய்வு பெற்ற புதிதில் நாள்தோறும் எத்தனை முறை சினம் வந்தது என்று குறித்துவந்தேன். சில மாதங்களில் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. தவம் பலிக்கிறது என்று மகிழ்ந்தேன். அப்போதுதான் பழைய தொழில் நினைவுக்கு வந்தது. மனைவியிடம் தனி நோட்டு ஒன்றைக் கொடுத்து, எனக்குக் காட்டாமல் அவள் கணக்கை அவள் எழுதட்டும் என்றேன். மாதக் கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவள் கணக்கு என்னுடையதைப்போல் இருமடங்குக்கு மேல் இருந்தது. "குரல் உயர்ந்தால்தான் கோபம்னு நீங்க எழுதறேள். பதில் சொல்லாம எழுந்து போறதையும் நான் சேர்த்துண்டேன்" என்றாள். என் சினம் குறையவில்லை. வடிவம் மாறியிருந்தது, என் தராசு அதைக் காட்டவில்லை. படிக்கல் சமையலறையில் இருந்திருக்கிறது. அன்று முதல் இரண்டு நோட்டுகள் எழுதுகிறோம்.

இவ்வளவையும் அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பரிடம் சொல்லவில்லை. தூக்கம் வந்தால் தசை தளரும். ஆகவே தியானத்தில் உட்காரும்போது ஒரு எவர்சில்வர் கரண்டியை விரல்களுக்கிடையில் லேசாகப் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு தட்டை வைக்கச் சொன்னேன். கரண்டி விழாததால் மட்டும் தியானம் நடந்தது என்றாகிவிடாது. விழுந்தால் தூங்கினோம் என்று ஏறத்தாழத் துணியலாம். விழுந்த நாளைக் காலண்டரில் குறிக்க வேண்டும், விழாத நாளையும் குறிக்க வேண்டும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் காலண்டர் தாளைக் கிழித்தே கொண்டுவந்தார். துணிக்குக் குறியிடும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருந்தார். "பதினாலு நாள்ல ஒம்போது நாள் விழுந்துட்டு, அண்ணாச்சி," என்றார், ஒளிக்காமல். "ராத்திரி வேலை இழுத்துக்கிட்டுப் போன மறுநாளெல்லாம் கண்டிப்பா விழுது. தியான நேரத்த மாத்திப் பாக்கட்டுமா, இல்ல ராத்திரி வேலையக் குறைச்சிப் பாக்கட்டுமா?"

இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம், முதலில் ஒன்று என்றேன். ராத்திரி வேலை என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.