பைத்தானின் ஓராண்டு வரவுசெலவு

2025 மே மாதம் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பைத்தான் நிரல்மொழியின் ஆண்டு மாநாடு கூடிய அதே வாரத்தில், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஏறத்தாழ 6,000 பேரை வேலையை விட்டு அனுப்பியது. அந்தப் பட்டியலில் மார்க் ஷானன், எரிக் ஸ்னோ, இரிட் கட்ரியல் ஆகியோரும் இருந்தார்கள். மூவரும் பைத்தானின் மையக் குழுவைச் சேர்ந்தவர்கள். மொழியை வேகப்படுத்துவதற்கென்றே அந்நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த சிறு குழுவில் பாரம் சுமந்தவர்கள்.

ஆட்குறைப்பு சென்னைக்கும் கோவைக்கும் புதிதில்லை. ஆனால் பைத்தான் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய மொழி. அதை வேகப்படுத்தும் வேலையில் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது பலருக்கு அந்த வாரம்தான் உறைத்தது. அந்த ஆண்டின் பைத்தான் செய்திகளை ஒன்றுசேர்த்துப் படித்தால், மே மாதச் செய்திதான் மற்றவற்றுக்கும் சாவி என்று தோன்றுகிறது. மொழிக்கு நல்ல ஆண்டு. மொழியைப் பராமரிப்பவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் வேகத்தின் கதை. பைத்தானைப் படைத்த கைடோ வான் ராஸம் ஓய்வு சலித்துப்போய் 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். நான்கு பதிப்புகளில் ஐந்து மடங்கு வேகம் என்று மார்க் ஷானன் போட்டிருந்த திட்டம் அங்கே உயிர் பெற்றது. 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, முந்தையதைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகமாக ஓடியது. ஐந்து மடங்கு எட்டவில்லை. ஆனாலும் முப்பதாண்டுகளாக மெதுவான மொழி என்று பெயரெடுத்த ஒன்று, பயன்படுத்துகிறவர் ஒரு வரியும் மாற்றாமலேயே வேகம் கூடியது சிறிய காரியமில்லை. மே மாதத்துக்குப் பிறகும் அந்த வேலை நின்றுவிடவில்லை. தன்னார்வலர்களும் வேறு நிறுவனத்துப் பொறியாளர்களும் எடுத்துச் செய்கிறார்கள், முன்பைவிடக் குறைந்த கைகளோடு.

இந்த வேகப் பேச்சில் 2025-இன் தொடக்கத்தில் நடந்த ஒரு சம்பவம் எனக்குப் பிடித்தது. கென் ஜின் என்ற இளைஞர், பைத்தான் கட்டளைகளை இயக்கும் உள்பகுதியைப் புது முறையில் மாற்றி எழுதினார். சராசரியாக 9 முதல் 15 சதவீதம் வேகம் கூடியதாகச் சோதனைகள் காட்டின. செய்தி பரவி, பாராட்டும் குவிந்தது. மார்ச் மாதம் நெல்சன் எல்ஹேஜ் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட பழைய முறை, எல்எல்விஎம் 19 என்ற கம்பைலரில் நுழைந்திருந்த ஒரு குறையால் வழக்கத்தைவிட மந்தமாக ஓடியிருக்கிறது. பழையது நொண்டியதால் புதியது பாய்ந்ததுபோல் தெரிந்தது. கென் ஜின் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆவணத்தில் எண் 3 முதல் 5 சதவீதம் என்று திருத்தப்பட்டது. விளம்பரக் குறிப்பில் வந்த எண்ணை எந்த நிறுவனமாவது இத்தனை சீக்கிரம் தானே குறைத்துக்கொண்டு பார்த்திருக்கிறோமா?

அக்டோபர் 7 அன்று 3.14 பதிப்பு வெளியானது. வட்டத்தின் பை எண்ணோடு பொருந்திவந்ததால் கேலியும் கொண்டாட்டமும் ஓராண்டாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதன் உள்ளே இருந்த பெரிய செய்தி ஒரு பூட்டைப் பற்றியது.

ரேஷன் கடையில் நான்கு பேர் வேலைக்கு இருக்கிறார்கள், கைரேகை எடுக்கும் கருவி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி அளக்கிறவரும் எண்ணெய் ஊற்றுகிறவரும் அந்தக் கருவி தம் கைக்கு வரும்வரை நிற்க வேண்டியதுதான். பைத்தானில் 1990-களிலிருந்து அப்படி ஒரு பூட்டு இருந்தது. கணினியில் எட்டு கோர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஓர் இழைதான், அதாவது ஒரு வேலைத்தொடர்தான், பைத்தான் கட்டளையை ஓட்ட முடியும். பூட்டு இருந்ததால் உள்கட்டமைப்பு எளிமையாக இருந்தது. சி மொழியில் நூலகம் எழுதுவோருக்கும் பயமில்லை. அதை எடுத்துவிட 1990-களிலேயே கிரெக் ஸ்டைன் முயன்றார், 2016 வாக்கில் லாரி ஹேஸ்டிங்ஸ் முயன்றார். இரண்டு முறையும் பூட்டை எடுத்ததும் ஒற்றை இழையில் ஓடும் சாதாரண நிரல்கள் மந்தமாகிவிட்டன. மெட்டா நிறுவனத்தின் சாம் கிராஸ் கொண்டுவந்த முறை 2023-இல் ஏற்கப்பட்டது. 2024-இன் 3.13 பதிப்பில் சோதனை முயற்சியாக வந்தபோது ஒற்றை இழை நிரலுக்கு ஏறத்தாழ 40 சதவீத இழப்பு இருந்தது. 3.14-இல் அது 5 முதல் 10 சதவீதமாக இறங்கியது. பூட்டில்லாத வடிவம் சோதனை என்ற அடைமொழியைக் கழற்றி, அதிகாரபூர்வ ஆதரவு பெற்றது.

இன்னும் அது தனியாகப் பதிவிறக்க வேண்டிய வடிவம்தான். வழக்கமான நிறுவலில் பூட்டு அப்படியே இருக்கிறது. ஆயிரக்கணக்கான நூலகங்கள் அதற்கேற்பத் திருத்தப்பட வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும். திருத்தப்போவது யார், யார் செலவில் என்ற கேள்விக்கு 2025-இல் பதில் கிடைத்ததாகச் சொல்ல முடியாது.

அக்டோபர் 27-ஆம் தேதி வந்த அறிவிப்பு பணத்தைப் பற்றியது. பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு. ஊழியர்கள் 14 பேர். ஆண்டுச் செலவு சுமார் 50 லட்சம் டாலர், நம் கணக்கில் 44 கோடி ரூபாய் போல. உலகம் முழுக்கப் பைத்தான் பொதிகளை இறக்கிக்கொள்ளும் பைபிஐ என்ற கிடங்கையும் இவர்கள்தான் நடத்துகிறார்கள். அந்தக் கிடங்கின் பாதுகாப்பை வலுப்படுத்த அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் 2025 ஜனவரியில் விண்ணப்பித்தார்கள். இரண்டாண்டுக்கு 15 லட்சம் டாலர் பரிந்துரையானது. அவர்கள் வரலாற்றில் அத்தனை பெரிய மானியம் கிடைத்ததில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, உள்ளடக்கம் ஆகியவற்றை வளர்க்கும் திட்டம் எதையும் நடத்த மாட்டோம் என்று உறுதி தர வேண்டும். அது மானிய வேலைக்கு மட்டுமல்ல, அமைப்பின் எல்லா வேலைக்கும் பொருந்தும். மீறியதாகக் கருதினால் கொடுத்த பணத்தையும் திரும்பக் கேட்கலாம். இயக்குநர் குழு ஒருமனதாக விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

முடிவு சரியா என்பதில் இரு கட்சி உண்டு. நான் சரி என்ற கட்சி, ஆனால் கொள்கைக் காரணத்துக்காக மட்டுமில்லை. செலவழித்து முடித்த பணத்தை இரண்டாண்டு கழித்துத் திருப்பிக் கேட்கக்கூடிய ஒப்பந்தத்தில், 14 பேர் கொண்ட அமைப்பு கையெழுத்திடுவது வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பதற்குச் சமம். அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள் ஒன்றரை லட்சம் டாலருக்கும் மேல் தனியார் நன்கொடை சேர்ந்தது. மனம் குளிரும் செய்திதான். மறுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கு அளவு அது.

இதற்கு முன்பே, ஆகஸ்டில், பைத்தான் அறக்கட்டளை பிறருக்கு மானியம் தரும் தன் திட்டத்தை நிறுத்திவைத்திருந்தது. ஆண்டுக்கென ஒதுக்கிய தொகை ஆண்டு முடியுமுன்பே தீர்ந்துவிட்டது. அமெரிக்கர்களுக்கு இது சின்னச் செய்தி. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சிறிய ஊர்களில் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

பைபிஐ கிடங்குக்குப் பாதுகாப்பு வேண்டியிருந்ததற்கு ஜூலை மாதமே சாட்சி. பொதி வெளியிடுவோருக்கு, மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அதிலிருந்த முகவரியில் கடைசி எழுத்தான ஐ இருக்க வேண்டிய இடத்தில் ஜே. கண்ணில் படாத அந்த ஒற்றை எழுத்தை நம்பிக் கடவுச்சொல்லைத் தட்டியவர்களின் கணக்கு திருடர் கையில். கிடங்கின் கணினிகளுக்குள் யாரும் நுழையவில்லை, மனிதர்கள்தான் ஏமாற்றப்பட்டார்கள். செப்டம்பரில் வேறொரு போலி முகவரியோடு அதே வித்தை மறுபடி வந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோதனை எழுதும் ஒவ்வொரு பைத்தான்காரரும் என்றாவது தொட்டிருக்கும் மாக் நூலகத்தை எழுதிய மைக்கேல் ஃபோர்டு ஜனவரியில் காலமானார். ஆஸ்ட்ரல் என்ற தனியார் நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதிய யூவி என்ற கருவி, பொதி நிறுவும் பழைய பழக்கங்களைக் கிட்டத்தட்ட ஓரங்கட்டிவிட்டது. வேகத்தில் அதற்கு ஈடில்லை, ஆனால் மே மாதப் பாடத்தை மறந்துவிட்டு எல்லோரும் மறுபடி ஒரே நிறுவனத்தின் வாசலில் நிற்கிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆகஸ்ட் 28 அன்று பைத்தானின் வரலாறு ஆவணப்படமாக யூடியூபில் வந்தது. பொறியியல் மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டிய படம். நவம்பரில், தேவைப்படும்போது மட்டும் நூலகத்தை ஏற்றும் சோம்பல் இறக்குமதி முறைக்குப் பைத்தானின் வழிகாட்டுக் குழு ஒப்புதல் தந்தது. 2022-இல் இதே எண்ணம் வேறு வடிவில் வந்து நிராகரிக்கப்பட்டிருந்தது.

இதெல்லாம் நமக்கு எவ்வளவு நெருக்கம்? நினைப்பதைவிட நெருக்கம். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு கணினி அறிவியலுக்கு சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019 முதல் பைத்தான். தமிழ்வழிப் பாடநூலும் உண்டு. ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்: கொல்லிமலை அடிவாரத்தில் ஐயாறு இறங்கிவரும் புளியஞ்சோலை திருச்சி மாவட்டத்துத் துறையூர் வட்டம். சுற்றுலா வண்டிகள் அருவிக் குளியலுக்கு வந்து போகும் ஊர். அங்கிருந்து பேருந்தேறிப் படிக்கப் போகும் பிள்ளை கணினி அறிவியல் பிரிவை எடுத்தால், பிட்ஸ்பர்க்கில் விவாதிக்கப்பட்ட அதே மொழியைத் தமிழில் படித்துப் பொதுத்தேர்வு எழுதுகிறது. எந்த நிறுவனத்துக்கும் இதற்காக அரசு உரிமக் கட்டணம் கட்டுவதில்லை.

பாடநூலைப் பற்றிக் குறையும் உண்டு. சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானுக்குள் இறக்குமதி செய்வதற்கு ஒரு முழுப் பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் உண்மையில் நடப்பது, கம்பைலரைப் பைத்தான் வழியே கூப்பிட்டு ஓட்டுவதுதான். அந்த இடத்தில் தமிழ் எழுத்துகளைக் கையாளும் பாடம் ஒன்று இருந்திருக்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்லிவிடும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தை உருவாக்கினார்கள். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும் எழில் மொழியை அவர் 2007-இல் தொடங்கி 2013-இல் பொதுவில் வைத்தார். அதுவும் பைத்தானின் மேல் கட்டப்பட்டதே.

ஆட்களும் இல்லாமலில்லை. பைத்தானின் மையக் குழுவில் செந்தில்குமரன் பல்லாண்டாக இருக்கிறார். இணைய முகவரிகளைக் கையாளும் யூஆர்எல்லிப் பகுதியில் அவர் கை பட்டிருக்கிறது. சென்னையின் பைத்தான் பயனர் குழு நெடுங்காலம் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் மாதந்தோறும் கூடிவந்தது. 2019-இல் இந்தியப் பைத்தான் மாநாடு நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. கணியம் இதழ் 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதி வருகிறது. ஆனால் கிட்ஹப் நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி அந்த ஓராண்டில் இந்தியாவிலிருந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நிரலாளர்கள் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் அளவுக்கு, மொழியைத் தாங்கும் வேலையில் நம் பங்கு மிகச் சிறியது. பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் பக்கத்தில்தான் நிற்கிறோம்.

பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணங்களைப் படிக்கும் இடத்தில் மொழியைத் தேர்ந்துகொள்ள ஒரு பட்டியல் உண்டு. கொரியம், துருக்கியம், போலிஷ், ஜப்பானியம் எல்லாம் இருக்கின்றன. தமிழ் இல்லை. பட்டியலில் ஏற என்ன தேவை என்பதைப் பெப் 545 என்ற விதிமுறை சொல்கிறது: பயிற்சி நூல் முழுவதும், உள்ளமைந்த செயற்கூறுகளின் பக்கம், பிழை தெரிவிக்கும் பக்கம் ஆகிய மூன்றும் முழுமையாக மொழிபெயர்க்கப்பட்டிருக்க வேண்டும். மாறி, சரம், மடக்கு, செயற்கூறு என்று கலைச்சொற்களைப் பாடநூல் ஏற்கெனவே வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஒரு கல்லூரியின் தமிழ்த்துறையும் கணினித்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பருவத்துக்குள் முடிகிற வேலை இது, ஒரு டாலரும் கேட்காமல்.